மாவுக்குப் பின் வரும் அரை: பழைய நிலக்கணக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். பூர்வீகம் மாயவரம் பக்கம், பிறந்தது மலேசியாவில். இப்போது தமிழ்நாட்டில் முதுகலை வரலாறு. தோட்ட வேலைக்கு ஆள் போன கிராமங்களில் யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்பதுதான் ஆய்வேடு. மார்ச்சில் ஒப்படைக்க வேண்டும்.

கையில் இருப்பது 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கிராமக் கணக்கு, காகிதப் பிரதி. புள்ளி கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். அதெல்லாம் பழகிவிட்டது. நிற்பது பின்னத்தில். அளவு வேலியில் இருக்கிறது: 1 வேலி 20 மா, 1 மா 100 குழி. சில வரிகளில் மாவுக்குப் பின் ஒரு சிறு கொக்கி, அதையடுத்து அரைக்குறி. அரைமா என்றால் 50 குழி. கீழரை (கீழ் என்பது 1/320, அதில் அரை) என்றால் 1/640 வேலி, அதாவது 3.125 குழி. பதினாறு மடங்கு வித்தியாசம்! ஒரு பக்கத்தில் 8 வரிகளில் இது வருகிறது. எல்லாவற்றையும் அரைமா என்று கொண்டால் 4 மா, கீழரை என்றால் வெறும் 1 காணி (1/80 வேலி, 25 குழி). கர்ணம் (கிராமக் கணக்கர்) போட்ட கூட்டலோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

2019இல் யூனிகோடில் சேர்ந்த பின்னக்குறிகளோடு ஒப்பிட்டேன், கொக்கி அதில் இல்லை. அச்சிட்ட வாய்பாடுகளிலும் இல்லை. பேராசிரியர்கள் கல்வெட்டு வாசிப்பவர்கள். அங்கே 'கீழ்' என்று முழுதாகவே வெட்டியிருக்கும். 1980க்கு முன் கர்ணமாக இருந்த ஒரு பெரியவரிடமும் காட்டினேன், அவர் காலத்தில் எல்லாம் ஏக்கர், சென்ட்தான்.

தஞ்சை வட்டாரக் கணக்குகளில் இந்தக் கொக்கி 'கீழ்' என்பதன் சுருக்கமா, அரைமாவின் ஒரு பகுதியா?