வேளச்சேரியில் தரைத்தள வீடு: வெள்ளம் வருமுன் எப்போது கிளம்புவது?

கேள்வி (தரைத்தளவாசி):
வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மூட்டுத் தேய்மானத்தால் அம்மாவால் கைத்தாங்கல் இல்லாமல் நடக்க இயலாது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கும் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது சரிதானா? கிளம்ப நேர்ந்தால் யாரை அழைப்பது? எங்கள் குடும்ப அட்டை திருநெல்வேலி முகவரியில் இருக்கிறது. நிவாரண முகாமில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில் (பள்ளிக்கரணைக்காரன்):
செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வருவது. 2015 டிசம்பர் 1 இரவு நொடிக்கு 29,000 கன அடி அளவில் திறக்கப்பட்டபோது சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. வேளச்சேரியின் கணக்கு வேறு. அங்கே பெய்யும் மழையும் சுற்றுவட்டார ஏரிகளின் உபரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்று முட்டுக்காட்டில் கடலில் கலக்க வேண்டும். புயலால் கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் அது வடியாமல் தெருவிலேயே நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்படித்தான் நாட்கணக்கில் நின்றது. ஆகவே ஏரி அறிவிப்புக்காக நீங்கள் காத்திருப்பதில் பொருளில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே, ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும் பகல் வேளையில், மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அம்மாவை அழைத்துச் சென்றுவிடுங்கள். (2024 அக்டோபரில் மழைக்கு முன்பே கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திய ஊர் இது, மனிதர்களுக்கு ஏன் தாமதிக்க வேண்டும்?)

பதில் (முகாம் தன்னார்வலர்):
கிளம்ப முடியாமல் போனால் மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதில் பேசுங்கள். உடல்நிலை மோசமானால் 108. நடக்க இயலாத முதியவர் இருக்கிறார் என்பதையே முதலில் சொல்லி, பிறகு தெரு, அடையாளம், தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பவற்றைச் சொல்லுங்கள். முகாம்கள் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் நடக்கும். நான் பணியாற்றிய முகாம்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் யாரிடமும் குடும்ப அட்டை கேட்கவில்லை. பணம் வேறு விஷயம்: மிக்ஜாம் நிவாரணமான 6,000 ரூபாய் நியாயவிலைக் கடை வழியாகவே தரப்பட்டது, அட்டை இல்லாதோர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வாடகை ஒப்பந்தம், ஆதார், எரிவாயு ரசீது ஆகியவற்றின் நகல்களை உறையிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பதில் (மருந்தாளுநர்):
வீட்டுக்குள் தண்ணீர் நுழையுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் குப்பி, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத இடத்தில் 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 4 வாரம் தாங்கும். பனிக்கட்டி மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். முகாமில் உணவுப் பொட்டலம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியாக இருந்தால், பொட்டலம் கைக்கு வந்த பிறகே போடுங்கள்; சர்க்கரை திடீரெனக் குறைந்தால் கொடுக்கக் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ அம்மாவின் பையிலேயே இருக்கட்டும்.