குதிரை ஷோவுக்கு வரும் கோச்சின் பயணச் செலவு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பாகலூர் ரோடு அம்மா

பெங்களூரு குதிரைப் போட்டி (ஷோ) முடிந்து வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என்ட்ரி ஃபீஸ், லாரி வாடகை, ஸ்டேபிள் வாடகை, சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) படி எல்லாம் முன்பே சொல்லியிருந்தார்கள், கட்டிவிட்டோம். கோச்சின் செலவு மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று நின்றிருந்தது. கடைசி நாள் சாயங்காலம் குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு தொகை வந்தது. டீசல், டோல், ரூம், சாப்பாடு, தினப்படி எல்லாவற்றையும் கூட்டி, வந்த குடும்பங்களால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று. எங்களுடையது ஒரு போனி (சின்னக் குதிரை), ஒரே ஒரு கிளாஸ், அதாவது ஒரே ஒரு போட்டி. பக்கத்தில் நின்ற குடும்பத்துக்கு மூன்று குதிரைகள், எல்லா நாளும் கிளாஸ். இரண்டு பேருக்கும் ஒரே தொகை.

கோச்சிடம் போய் மெதுவாகத்தான் கேட்டேன், "சார், இது எப்படி வந்த கணக்கு?" என்று. "எல்லா ஷோவுக்கும் இப்படித்தாங்க" என்றார். நான் இன்னொரு தடவை கேட்க, அவர் இன்னொரு தடவை சொல்ல, இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. என் மகள் போனியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி தள்ளி நிற்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். பணத்தை அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மறுநாள் சாப்பிடும்போது, "அடுத்த ஷோவுக்கு நான் வரலம்மா, என்னால உங்களுக்கு ரொம்ப செலவு" என்றாள். பரிசாக ஒரு ரிப்பன்கூட வாங்காமல் வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை அது.

மற்றவர்கள் வீட்டில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

தர்மபுரி அப்பா

உங்களுக்காவது கோச் கூட நின்றார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜில், அதாவது குதிரையை அசைவு அசைவாக நடத்திக்காட்டும் போட்டியில், இந்தியக் குழு தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்துத்தான் என் பையன் குதிரை என்று ஆரம்பித்தான். வாராவாரம் ஓசூருக்குக் கூட்டிப்போகிறேன். பழகியது தடை தாண்டும் ஜம்பிங்.

சென்னை ஷோ. கோச்சின் பயணச் செலவில் முழுப் பங்கும் முன்பணமாகவே கொடுத்துவிட்டேன். போட்டிக்கு முன் தடைகளை நடந்து பார்க்கிற கோர்ஸ் வாக் நேரம் வருகிறது, கோச்சைக் காணோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் கோச்சையே கூட்டிப்போகிறோம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே காலால் அளந்து, நாலு எட்டு வைத்தால் குதிரைக்கு ஒரு பாய்ச்சல், இறங்குவதற்கு இரண்டு எட்டு, எழும்புவதற்கு இரண்டு எட்டு கழித்துக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரம். என் பையன் மற்ற பிள்ளைகளின் கோச்சுகள் பேசுவதை ஒட்டுக்கேட்டபடி தனியாக நடந்துகொண்டிருந்தான். எங்கள் கோச் அந்தப் பக்கத்து அரீனாவில் தன் சொந்தக் குதிரையில் வார்ம் அப் செய்துகொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்குக் கிளாஸ்.

இரட்டைத் தடையில் பையன் தூரம் தப்பி எழும்பினான், கீழே வந்தான். விழுந்தால் எலிமினேஷன், அத்தோடு முடிந்தது. அடி ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவன் முதலில் வேலி ஓரமாகத் திரும்பிப் பார்த்தான், கோச் இருக்கிறாரா என்று. அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. தன் குதிரையை ஓட்ட வந்தவருக்கு நான் ஏன் ரூம் வாடகை கொடுக்க வேண்டும்?

மத்திகிரி கோச்

ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824-இல் தொடங்கிய பண்ணை இருக்கிற ஊரிலிருந்து எழுதுகிறேன். பெற்றோர் பேசுகிறீர்கள், கோச் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

ஒரு ஷோவுக்கு முன்னால் எனக்கு ரூம் தேவையா இல்லையா என்று குடும்பங்களுக்குள் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன், எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் நானே, "ஸ்டேபிள்லயே படுத்துக்கறேன்" என்று எழுதிவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு குதிரை முன்காலால் தரையைத் தோண்டுகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது. கோலிக், குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் சிக்கியது உள்ளேதான் திருகும். வெட் (கால்நடை டாக்டர்) வரும்வரை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தோம், நானும் சைஸும். விடியும்போது குதிரை சாணம் போட்டது. எங்களுக்கு அதைவிடப் பெரிய ரிப்பன் கிடையாது. அப்படியே முகம் கழுவிக்கொண்டு கோர்ஸ் வாக்.

டீ குடிக்கும் இடத்தில் ஒரு அப்பா தோளில் தட்டி, "பாத்தீங்களா சார், ரூம் இல்லாமலே சமாளிச்சிட்டீங்க, இனிமே இப்படியே வெச்சுக்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான், வஞ்சம் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை மறக்க முடியவில்லை.

தர்மபுரி சாருக்கு: உங்கள் கோவம் நியாயம். நான் என் குதிரையைக் கொண்டுபோனால் என்னையும் ஒரு பங்காக வைத்துத்தான் வகுப்பேன், என் கிளாஸும் பிள்ளைகளின் கிளாஸும் மோதினால் என்னுடையதை விட்டுவிடுவேன். ஆனால் ரூம் வாடகையே தரமாட்டேன் என்பது வேறு பேச்சு. ஷோவுக்கு வரும் நாட்களில் ஓசூரில் நான் சொல்லிக்கொடுக்கும் காலை கிளாஸ், மாலை கிளாஸ் இரண்டும் கிடையாது. அந்த வருமானம் போகிறது. தினப்படி என்று கேட்பது அதற்குத்தான், ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

காவேரிப்பட்டினம் கணக்கர்

என் அனுபவம் சின்னது. அண்ணன் மகளோடு ஒரு ஷோவுக்குப் போயிருந்தேன். அந்தக் கோச் சாப்பிட்ட ஹோட்டல் பில்லைக்கூட மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்து, ஊர் வந்ததும் எல்லார் முன்னாலும் மேசை மேல் பரப்பினார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கணக்கு எழுதுவது என் தொழில், அதனால் சொல்கிறேன். பாகலூர் அம்மா, உங்கள் கோச் சண்டைக்காரர் இல்லை. செலவு இரண்டு வகை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு பிள்ளை போனாலும் கோச் சென்னைக்கு 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டித்தான் ஆக வேண்டும். கிருஷ்ணகிரி டோலில் பத்துக் குதிரை என்று பத்து மடங்கு வாங்கமாட்டார்கள். ஆக, போக்குவரத்தைக் குடும்பவாரியாகச் சமமாகப் பிரிக்கலாம். தங்குவதும் சாப்பாடும் அப்படி இல்லை. மூன்று குதிரை இருந்தால்தான் மூன்றாம் நாளும் கோச் தங்க வேண்டியிருக்கிறது, அதனால் அது குதிரைவாரியாக.

ஒரு பேச்சுக்கு மொத்தம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்று குடும்பம். இரண்டு வீட்டில் ஒவ்வொரு குதிரை, ஒரு வீட்டில் மூன்று. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5,000. முழுவதையும் குதிரைக் கணக்கில் போட்டால் ஒரு குதிரை வீடு 3,000, மூன்று குதிரை வீடு 9,000. இரண்டுமே யாரோ ஒருவருக்கு உறுத்தும். நான் சொல்கிறபடி, 15,000-இல் போக்குவரத்து 6,000 என்றால் அது வீட்டுக்கு 2,000. மீதி 9,000-ஐ ஐந்து குதிரையால் வகுத்தால் குதிரைக்கு 1,800. ஒரு குதிரை வீடு 3,800 கட்டும், மூன்று குதிரை வீடு 7,400 கட்டும். கூட்டிப் பாருங்கள், சரியாக 15,000 வரும்.

தினப்படி தனி. அது செலவு அல்ல, சம்பளம். கோச் எத்தனை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாரோ அத்தனை பங்கு. கோச்சே போட்டியிட்டால் அவரும் ஒரு வீடு, மத்திகிரி சார் சொன்னது போல. அப்புறம், இதெல்லாம் என்ட்ரி மூடும் தேதிக்கு முன்னால் குழுவில் எழுத்தில் வர வேண்டும். ஃபாஸ்டாக் மெசேஜை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதையும் கேளுங்கள். சைஸ் சாப்பாட்டை இதில் கலக்காதீர்கள், அது குதிரைச் செலவு.

தேன்கனிக்கோட்டை

மூன்று குதிரை வீடு, மூன்று குதிரை வீடு என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். நாங்கள் அப்படி ஒரு வீடுதான். குதிரை அதிகம் இருப்பவன் கையில் காசு கொட்டிக்கிடக்கிறது என்ற நினைப்பு தப்பு. மூன்றில் ஒன்று வயதானது, ஒன்று இன்னொரு பிள்ளைக்காக நாங்கள் தீனி போட்டு வைத்திருப்பது.

நடந்ததைச் சொல்கிறேன். லாரி வாசலில் நிற்கிறது, பலகை இறக்கி முதல் குதிரையை ஏற்றியாகிவிட்டது. ராத்திரி. கோச்சுக்கு ஒரு போன் வருகிறது, ஒரு வீட்டில் பரீட்சையாம், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வீடு, பிள்ளைக்குச் சளியாம். கோச் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். ரூம் போட்டாகிவிட்டது, முன்பணம் திரும்ப வராது. ஒன்றும் பேசாமல் சூளகிரி தாண்டும்வரை வந்தார், அப்புறம், "சார், என் தினப்படியை நான் விட்டுடறேன், வராதவங்க பங்குல பாதி நீங்க பாத்துக்குங்க" என்றார். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அப்படிச் சொல்ல வேண்டிவந்தது. நான் முழுவதையும் கட்டினேன். வராத இரண்டு வீட்டிலிருந்தும் இன்றுவரை ஒரு பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு வேன் பேசிவிட்டு நாலு பேர் வரவில்லை என்றால் வேன்காரர் வாடகையைக் குறைப்பாரா?

கணக்கர் ஐயா, உங்கள் கணக்கில் இந்த ஓட்டைக்கு வழி இல்லை. இன்னொன்று, கோச் படுக்கிற கட்டில் ஒன்றுதான். என்னிடம் மூன்று குதிரை என்பதற்காக அவர் மூன்று கட்டிலில் படுப்பதில்லை. தங்கும் செலவைக் குதிரையால் வகுப்பதை நான் ஒப்பமாட்டேன். நாள் கணக்கில் வகுங்கள். யார் பிள்ளைக்கு எந்த நாள் கிளாஸோ அந்த நாள் பங்கு.

காவேரிப்பட்டினம் கணக்கர்

நாள் கணக்கு நல்ல யோசனைதான். ஆனால் ஷோவில் டைம்டேபிள் கடைசி நிமிடத்தில் மாறும், மழை வந்தால் கிளாஸ் மறுநாளுக்குப் போகும். அப்போது யார் தலையில் போடுவீர்கள்? விலகுகிறவர்களுக்கு: என்ட்ரி மூடிய பிறகு விலகினால் பங்கு பங்குதான். பிள்ளைக்கோ குதிரைக்கோ உடம்பு சரியில்லை என்று டாக்டரோ வெட்டோ எழுதிக்கொடுத்தால் மட்டும் பாதி. இதையும் முன்பே எழுதிவிடலாம்.

அரூர்

நான் இப்போது ஓட்டுவதில்லை. சின்ன வயதில் ஓட்டியபோது எங்கள் கோச் ஒரு அக்கா. இங்கே எல்லாரும் ரூமைச் செலவு என்று மட்டும் பேசுவதால் எழுதத் தோன்றியது.

செலவைக் குறைக்க அக்காவைப் பெண் பிள்ளைகள் இருக்கும் ரூமிலேயே போட்டார்கள். பெற்றோர் வேறு ரூம்களில். நாங்கள் நடுராத்திரி தாண்டியும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம், ஒருத்திக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை. அக்கா அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியுமுன்னே எழுந்துபோய்க் குதிரைகளுக்குத் தீனி வைத்துவிட்டு, பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி முடிந்து, எங்களை எழுப்ப வந்தார். நூல் இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அன்று பூராவும் வெயிலில் வேலி ஓரம் நின்று ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு அம்மா, "கோச்சுக்கு ரூம் மிச்சம்" என்று சந்தோஷமாகச் சொன்னதை நான் கேட்டேன்.

அவர் எங்களுக்குக் கோச், வார்டன், அக்கா எல்லாமாக இருந்தார், கோச் வேலைக்கு மட்டும் காசு வாங்கினார். பெண் கோச்சுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற தனி ரூம் கட்டாயம். அதை எப்படி வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளுங்கள், குறைக்காதீர்கள்.

தர்மபுரி அப்பா

அரூர் சகோதரி எழுதியதைப் படித்தேன். மத்திகிரி சார் எழுதியதையும். ரூம் வேண்டாம் என்று இனிமேல் சொல்லமாட்டேன். ஆனால் கோர்ஸ் வாக்குக்கு வராதவரிடம் பாதிப் பங்கைத் திரும்பக் கேட்பதை விடவும்மாட்டேன். அது என் பையனுக்குச் சேர வேண்டியது.

மத்திகிரி கோச்

கேளுங்கள் சார். தயங்காதீர்கள். ஆனால் பையன் இல்லாத இடத்தில் கேளுங்கள்.

பாகலூர் ரோடு அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று கோச் வீட்டுக்கே போனேன், நானும் கோச்சும் அவர் மனைவியுமாக உட்கார்ந்து பேசினோம். கணக்கர் ஐயா எழுதியதைக் காட்டினேன். போக்குவரத்து வீட்டுக்குச் சமம் என்பதற்கு ஒப்புக்கொண்டார். ரூம் விஷயத்தில் தேன்கனிக்கோட்டை சார் சொன்ன நாள் கணக்குதான் தனக்குச் சுலபம் என்கிறார். மூன்று குதிரை வீட்டு அம்மாவிடம் அவரே பேசுகிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஷோவுக்கு உத்தேசத் தொகை என்ட்ரிக்கு ஒரு வாரம் முன்பே குழுவில் வரும்.

மகள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிளாஸுக்கு மட்டும் வருகிறாள். போனிக்குக் கேரட் நறுக்கி டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஷோ பேச்சை நான் எடுக்கவில்லை. பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.