டிரோலிங்: இழுவைத் தூண்டிலா, ஓடுதூண்டிலா?

குழுவினருக்கு வணக்கம்.

> பெரிய ஏரிகளில் சால்மன், டிரவுட் பிடிப்பது பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரோலிங் என்பதற்கு 'இழுவைத் தூண்டில்' போதுமா?

டிரோலிங் என்றால் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை விட்டு மீன் பிடிப்பது. அதற்கு 'இழுவைத் தூண்டில்' போதாது என்பேன். 'இழு' என்றதுமே நம் காதில் விழுவது இழுவலை. வலையை நீருக்குள் இழுத்துப் போய் எதிர்ப்பட்டதையெல்லாம் அள்ளும் வேலை அது. இங்கே பேசுவது ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்ற கணக்கு. ஆங்கிலத்திலேயே டிராலிங் (இழுவலை போடுவது), டிரோலிங் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்டுக் குழப்புகின்றன. அந்த வம்பை நாமும் விலைக்கு வாங்குவானேன்?

பெயர் வைக்கும் முன் வேலையைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் ஒருமுறை இப்படி ஒரு படகில் போயிருக்கிறேன். ஏரி என்கிறோமே தவிர, கரை கண்ணுக்குத் தெரியாது. ஆழம் அதிகபட்சம் 281 மீட்டர். கோடையில் மேல்நீர் சூடாகிவிடும். சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும், ஆகவே அது கீழே போய்விடும். கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். மீன் இருக்கும் ஆழத்துக்குப் போலி இரையை இறக்கி, அந்த ஆழத்திலேயே மைல் கணக்கில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். படகின் வேகம் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், நாம் நடக்கிற வேகம்தான்.

இறக்குவதற்குச் சுமார் 5 கிலோ ஈயக்குண்டு, அதற்கென்று தனிக் கம்பி, அதைச் சுற்ற ஒரு ராட்டினம். குண்டின் பக்கத்தில் ஒரு கவ்வி தூண்டில் நரம்பைப் பிடித்திருக்கும். நரம்பை முறுக்கேற்றிவிடுவதால் தூண்டில் கோல் வில்லாக வளைந்து நிற்கும். நான் போன அன்று ஒன்றரை மணி நேரம் அந்த வில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோல் விறைப்பாக நிமிர்ந்தது. கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, மீன் கவ்வியதும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டிருக்கிறது. அடுத்த நொடி கோல் மறுபடி வளைந்தது, இந்தமுறை தண்ணீரைத் தொடும் அளவுக்கு.

படகோட்டி சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை இந்தச் சொல்லுக்குக் கொண்டுவந்தது. படகு வளைந்து திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில்கள் வேகம் எடுக்கும். உட்பக்கத் தூண்டில்கள் தொய்ந்து கொஞ்சம் கீழே இறங்கும். எந்தப் பக்கம் மீன் கவ்வுகிறது என்று பார்த்து, அடுத்த ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். ஏரிக்குள்ளேயே நீரோட்டங்கள் உண்டு என்பதால் மேலே காட்டும் வேகம் ஒன்று, குண்டின் அருகே இருக்கும் வேகம் வேறொன்று. விவரமானவர்கள் கீழே உள்ள வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கக் குண்டோடு ஒரு கருவியையும் இறக்குகிறார்கள். ஆக, இந்தக் கலையில் கணக்கெல்லாம் இரை எப்படி ஓடுகிறது என்பதில். 'இழு' படகைப் பற்றிப் பேசுகிறது. 'ஓடு' இரையைப் பற்றிப் பேசுகிறது. என் பரிந்துரை: ஓடுதூண்டில்.

> 'ஓட்டுத்தூண்டில்' என்றல்லவா வர வேண்டும்?

வேண்டாம் ஐயா, அது கூரை ஓட்டில் செய்த தூண்டில் மாதிரி இருக்கிறது. ஓடுதூண்டில் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல, நடுவில் வல்லினம் மிகாது.

> தூண்டிலுக்குக் காலா இருக்கிறது? ஓடுவது படகுதானே?

ஓடுபாதைக்கும் கால் இல்லை. அதன்மேல் விமானம்தான் ஓடுகிறது. அந்தச் சொல்லை யாரும் இதுவரை குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அப்புறம் டவுன்ரிகர், அதாவது ஈயக்குண்டை இறக்கும் அந்தப் பொறி. 'குண்டிறக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் கச்சிதம்தான், ஆனால் முதல் மூன்றெழுத்தில் கண் நின்றுவிடுகிறது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் பாடத்தைத் தொடர முடியாது. 'எடையிறக்கி' உடம்பை இளைக்கவைக்கும் லேகியம் போல இருக்கிறது. 'ஆழ்த்தி' அழகு, ஆனால் 'துயரத்தில் ஆழ்த்தி' என்ற வினையெச்சம் நினைவுக்கு வருகிறது. தூக்கியும் வினையெச்சம்தானே என்பீர்கள். முன்னால் 'மின்' சேர்ந்ததால் மின்தூக்கி பிழைத்தது. அதே வழியில் இதற்கும் ஒரு துணை கொடுத்து 'ஆழ்த்துபொறி' என்கிறேன். மனம் ஒப்பாதவர்கள் டவுன்ரிகர் என்றே எழுதட்டும், சண்டையில்லை. மீன் கவ்வியதும் நரம்பை விடும் கவ்விக்கு 'விடுகவ்வி', நரம்பைப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு போகும் பிளேனர் போர்டுக்கு 'விலகுபலகை'. இவற்றில் சிக்கல் இருப்பதாகத் தோன்றவில்லை.

மீன் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். சால்மனைக் 'காலா' என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்றாலும் காலா வேறு குடும்பம். லேக் டிரவுட்டும் உண்மையில் சார் (char) என்ற மீனினம்தான், பெயர்தான் டிரவுட். இந்த ஏரியின் பழங்குடி அது. கோஹோ சால்மனை 1966-லும் சினூக்கை 1967-லும் மிச்சிகன் மாநிலத்தார் கொண்டுவந்து விட்டார்கள், பெருகிக் கிடந்த அலிவைஃப் மீன்களைத் தின்னட்டும் என்று. கடலிலிருந்து வந்து ஏரியை நிறைத்த மீன் அலிவைஃப். அதைக் கடல்மீனை விட்டே தின்னவைத்தார்கள்.

> இணையத்தில் வம்பிழுப்பதையும் டிரோல் என்கிறார்களே, அதற்கும் இதே சொல்லா?

அந்த வழக்கு இந்த மீன்பிடிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. ஆனாலும் தமிழில் இரண்டையும் கட்டிப்போட வேண்டாம். 'சீண்டல்' நன்றாகத்தான் இருக்கிறது. 'கலாய்ப்பு' அதைவிடவும் நன்றாக இருக்கிறது.

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். கீழே உள்ள வாக்கியத்தை உங்கள் கட்டுரையில் பொருத்தி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே நாக்கு இடறுகிறது என்று எழுதுங்கள்.

"ஆழ்த்துபொறியில் இரண்டும் விலகுபலகையில் இரண்டுமாக நான்கு ஓடுதூண்டில் போட்டுக் காலை முழுக்க ஓட்டினோம், பத்து மணிக்கு இடப்பக்க விடுகவ்வி விட்டது."

எனக்கு 'விடுகவ்வி விட்டது' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.