விண்டோஸ் 10 நின்ற பிறகு எந்த இயங்குதளம்? – அனுபவப் பகிர்வு

செந்தூல், கோலாலம்பூர்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. "மிஷின் நல்லாத்தான் ஓடுது, மாத்தணுமா?" என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மென்பொருள் இல்லாவிட்டால் உங்கள் வேலை நின்றுபோகும் என்பதைத்தான். கடைக்கணக்கை எஸ்கியூஎல் அக்கவுண்டிலோ ஆட்டோகவுண்டிலோ வைத்திருந்தால், கணினியில் நிறுவும் பதிப்பு விண்டோஸுக்கு மட்டுமே. அங்கே வேறு பேச்சுக்கு இடமில்லை. வருமான வரிக்கு மைடேக்ஸ், மின்விலைப்பட்டியலுக்கு மைஇன்வாய்ஸ், பிள்ளைகளுக்கு டெலிமா என்று எல்லாம் பிரவுசரிலேயே முடிகிறதென்றால் எந்த இயங்குதளமும் போதும்.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க, புரோசஸர் எண்ணில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, மைக்ரோசாஃப்ட் ஏற்காது. புரோசஸர் சரியாக இருந்தும் "டிபிஎம் 2.0 இல்லை" என்று வருவது மேசைக்கணினிகளில் சகஜம். டிபிஎம் என்பது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு. அது இல்லை என்று அர்த்தமில்லை, பயாஸில், அதாவது கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் போர்டு மென்பொருளில், அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் "லெகசி" என்று இருந்தால், பயாஸில் அதை விண்டோஸ் 11 கேட்கும் புதிய முறையான யுஇஎஃப்ஐ என்று மாற்றிய உடனே விண்டோஸ் கிளம்பாது. முதலில் விண்டோஸுக்குள்ளிருந்தே எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை மாற்ற வேண்டும், அப்புறம்தான் பயாஸ். முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் கருவி மறுத்துவிடும். தயாரிப்பாளர் போட்ட மீட்புப் பிரிவையும் சேர்த்து நான்காக இருக்கும் பழைய லாப்டாப்புகள் இங்கேதான் மாட்டுகின்றன. பயாஸ் புதுப்பிப்பும் தேவைப்பட்டால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கே.எல். பக்கம் மாலையில் இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

செந்தூல் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைப்பதற்கு முன், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். 48 இலக்கம். "நான் பிட்லாக்கரே போடலையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே பல லாப்டாப்புகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். டிபிஎம்மைத் தொட்டதும் நீலத் திரையில் சாவி கேட்கும். சாவி அந்தக் கணக்கின் பக்கத்தில் இருக்கும், ஆனால் எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தோம் என்று மறந்துவிட்டால் கோப்புகள் திரும்பாது.

ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் இருந்தால், கொஞ்ச காலம் மூச்சு விடலாம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில், புதுப்பிப்புப் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்யும் பொத்தான் இருக்கிறது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், 2026 அக்டோபர் 13 வரை செல்லும். பென் டிரைவில் இயங்குதளத்தை எழுதும் ரூஃபஸ் கருவியில் டிபிஎம் சோதனையை எடுத்துவிட்டு விண்டோஸ் 11 போடும் வழியும் உண்டு. ஓடும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு உட்கார வேண்டும். கணக்கு வழக்கு இருக்கும் கணினிக்கு அது வேண்டாம்.

பிரவுசர் வேலைக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம். 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு. 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து கிளப்பி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா என எல்லாம். சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்குத் தனி டிரைவர் வேண்டும். அதை இறக்கக் கைப்பேசியை யூஎஸ்பியில் செருகி இணையம் கொடுத்தால் போதும்.

மின்ட் நிறுவும்போது வட்டே கண்ணில் படவில்லை என்றால் பயாஸில் வட்டின் முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும், ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் சாகும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, மறுபடி கிளப்பும்போது பயாஸில் மாற்றி, விண்டோஸ் ஒரு தடவை சேஃப் மோடில் எழுந்த பிறகு டிக்கை எடுங்கள்.

விண்டோஸ், மின்ட் இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் குழம்பும். லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாகப் படிக்கும். நமக்கு வித்தியாசம் சரியாக 8 மணி. காலை 7-க்கு விண்டோஸைத் திறந்தால் முந்தின நாள் இரவு 11 என்று காட்டும். அந்த நேரத்தில் போட்ட பில்லிலும் முந்தின நாள் தேதிதான் விழும். மின்டில் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" (timedatectl set-local-rtc 1) என்று ஒரு வரி கொடுத்தால் தீர்ந்தது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டைப் படிக்கலாம், எழுத முடியாது.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

தமிழ்த் தட்டச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இயங்குதளம் மாற்றிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அதிகம் திணறுவது இதில்தான்.

மேக்கில் கவலை இல்லை. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. அதில் வரும் இணைமதி எழுத்துரு நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தது. மின்டில் பலரும் விசைப்பலகை அமைப்பில் போய்த் தமிழ்நெட்99-ஐச் சேர்த்துவிட்டு, "தமிழ்99 சரியா வேலை செய்யல" என்கிறார்கள். அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே போடும். முன்னால் என்ன அடித்தோம் என்பது அதற்குத் தெரியாது, அதனால் இரட்டித்த மெய்க்குப் புள்ளி தானாக விழாது. "பக்கம்" அடித்தால் "பககம்" என்று நிற்கும். ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவி, உள்ளீட்டு முறையை ஐபஸ் என்று தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்து, அதன் பட்டியலிலிருந்து தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். வெளியேறி நுழையாமல் தேடினால் பட்டியலில் இருக்காது.

அடுத்தது எழுத்துரு. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த சோதனைத்தாளை லினக்ஸில் லிப்ரெஆஃபிஸில் திறந்தால் வேறு எழுத்துரு ஏறி, இரண்டு பக்கம் மூன்றாகும். பாணியில் ஆங்கிலத்துக்கான எழுத்துருவை மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது, ஆங்கிலம் மட்டும் மாறும். லிப்ரெஆஃபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்று தனிப் பெட்டியில் வைத்திருக்கிறது, பாணியைத் திருத்தி அந்தப் பெட்டியில் மாற்ற வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, இனி அடிப்பதையெல்லாம் அதிலேயே அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். அச்சுக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். யுனிகோடுக்கு முந்திய திஸ்கி என்ற குறியீட்டில் இருக்கும் கோப்புகள், அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் எந்த இயங்குதளத்திலும் கிறுக்கலாகத்தான் தெரியும். மாற்றியில் போட்டு யுனிகோடாக்கியே ஆக வேண்டும்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அலுவலகங்களிலிருந்து குத்தகை முடிந்து வரும் பழைய லாப்டாப்பை வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பயாஸுக்குள் கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள், பிற்பாடு எதையும் மாற்ற முடியாது. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் சேர்த்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்தால், நிறுவனக் கணினிகளுக்கான ஆட்டோபைலட் பதிவைப் பழைய உரிமையாளர் நீக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் நீக்கினால்தான் போகும், எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் அதே பக்கம்தான் வரும்.

மூன்றாவது உரிமம். கட்டளைச் சாளரத்தில் "எஸ்எல்எம்ஜிஆர்", ஓர் இடைவெளி, சாய்கோடு, "டிஎல்ஐ" என்று அடியுங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் ஓஇஎம் (கணினியோடு வந்தது) அல்லது ரீட்டெய்ல் (தனியாக வாங்கியது) என்றிருந்தால் நல்லது. வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட் என்றிருந்தால் அது நிறுவனங்களுக்கான உரிமம், 180 நாளுக்கு ஒரு தடவை அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொட்டே ஆக வேண்டும். தனியார் கையில் இருக்கும் கணினியில் அப்படித் தெரிந்தால், யாரோ கள்ளக் கருவியால் இயக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய மேக் பார்க்கிறவர்கள் இன்டெல் மாதிரியைத் தவிர்த்துவிடுங்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல்லுக்குக் கடைசி. ஆப்பிளின் எம்1 சில்லு முதல் உள்ளவற்றில் ரேமைப் பின்னால் ஏற்ற முடியாது, அதனால் வாங்கும்போதே 16 ஜிபி பாருங்கள். குரோம்புக் என்றால் அமைப்புகளில் புதுப்பிப்பு எந்த மாதம் வரை என்று எழுதியிருக்கும், விலை பேசுவதற்கு முன் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

ஆட்டோகவுண்ட் வைத்திருப்பவர்கள் எம்1 மேக்கில் பேரலல்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் ஏற்றி ஓட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். அதில் ஏறுவது, எம்1 போன்ற ஏஆர்எம் வகைச் சில்லுகளுக்கான விண்டோஸ். ஆட்டோகவுண்டுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வருக்கு ஏஆர்எம் ஆதரவு இல்லை. தரவுத்தளத்தைக் கடையில் ஒரு சாதாரண விண்டோஸ் கணினியில் வைத்து, மேக்கிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போய் வேலை செய்யுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காது.