நிறம் தீட்டாமல் நிறம் குறித்த படம்: கலைச்சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரித் தாவரவியல் நூலில் கடற்பயண ஓவியர்களைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1770இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் நின்றபோது கப்பலின் ஓவியர் சிட்னி பார்க்கின்சன் முன் செடிகள் குவிந்தன. வாடுவதற்குள் எல்லாவற்றையும் முழுதாகத் தீட்ட முடியாது. அதனால் கோட்டில் வடிவம், ஓரிரு இலைக்கும் பூவுக்கும் வண்ணம், மற்ற நிறங்கள் தாளின் பின்புறம் எழுத்துக் குறிப்பாக. 14 நாளில் 94 படங்கள் என்று உடன் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் நாட்குறிப்பு சொல்கிறது. இவ்வகைப் படத்துக்கு என்ன பெயர்? 'கோட்டோவியம்' என்றால் நிறக்குறிப்பு விடுபட்டுப்போகிறது.

தமிழாசிரியர்:
சொல் நம்மிடமே இருக்கிறது அம்மா. நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்'. அணிகளைக் களைந்திருக்கும் அரசிக்கு உவமை. வண்ணம் தீட்டாமல் வடிவை மட்டும் கோட்டில் வரைந்த சித்திரம் என்றே நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார். மணிமேகலையிலும் வருகிறது.

தாவரவியல் ஆசிரியர்:
அழகான சொல்தான் ஐயா. ஆனால் என் மாணவர்களுக்குப் புனைவு என்றால் கதை. 'கற்பனை கலவாத படம்' என்று விடைத்தாளில் எழுதுவார்கள். தாவரப் படம் எதுவுமே கற்பனை கலவாததுதானே?

தமிழாசிரியர்:
அடிக்குறிப்பு ஒன்று போதும். மாணவர்கள் ஒரு பழஞ்சொல்லைக் கற்றுக்கொண்டால் நல்லதுதானே?

சொல்லாய்வாளர்:
'ஓவியம்' பொருந்துமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வு, ஓவம், ஓவியம் என வளர்ந்தது என்பது என் துணிபு. புறநானூற்றின் 'ஓவத்தன்ன' காண்க. ஒத்திருப்பதே ஓவியம், நிறமேறாத தாள் செடியை இன்னும் ஒக்கவில்லை. ஆகவே 'வரைவு' என்பதே தகும். 'கோட்டோவியம்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடு என்றால் கிளையும்தான். கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்ற பகுப்பை நினைவில் கொண்டால், மரத்துப் பூவான பேங்க்சியாவின் படத்துக்கு அந்தச் சொல் இரு பொருளிலும் பொருந்தும்.

தாவரவியல் ஆசிரியர்:
ஐயா, திங்கட்கிழமை அச்சு.

நூலோவியர்:
நான் நூல்களுக்குப் படம் வரைபவன். இந்தத் தாளைக் குறைபட்ட ஒன்றாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1801இல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியா சென்ற தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பாவர் பென்சில் வரைவின் மேல் எண்களை இட்டார். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறச்சாயல். எண்கள் ஆயிரத்தை நெருங்கும். பிறகு லண்டனில் அவற்றைக் கொண்டே வண்ணம் தீட்டினார். பார்க்கின்சனுக்கு அது வாய்க்கவில்லை. பத்தேவியாவை (இன்றைய ஜகார்த்தா) கடந்தபின் 1771 ஜனவரியில் வயிற்றுக்கடுப்பால் கடலிலேயே இறந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் இருந்ததால்தான் வேறு ஓவியர்கள் அந்தப் படங்களை முடிக்க முடிந்தது. இப்படிப்பட்ட தாளுக்கு 'புனையா' என்று இல்லாததைச் சொல்லிப் பெயரிடலாமா? அதில் இருப்பது பெயரில் வரட்டும்: 'நிறக்குறி வரைவு'.

தாவரவியல் ஆசிரியர்:
கேட்டதும் புரிகிறது. வகுப்பில் 'நிறக்குறி ஸ்கெட்ச்' என்றே சொல்லிவிடுவேன். அச்சில் 'வரைவு' இருக்கட்டும்.

சொல்லாய்வாளர்:
'வரைவு' இருப்பதால் எனக்கும் இசைவே. 'குறி' பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'நிறக்குறி வரைவு' என்றே இடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை. அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். இன்றைய வழக்கில் சட்ட வரைவு, அறிக்கை வரைவு. எதிலும் படம் என்ற பொருள் நேராக இல்லை. நூலின் இறுதியில் உள்ள கலைச்சொல் பட்டியலில் 'புனையா ஓவியம்' என்பதையும் மாற்றுச் சொல்லாகச் சேர்த்துவிடுங்கள் அம்மா.