கொழும்பில் லெதர் சோபா: நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும், உதவுங்கள்

கோவைப்பெண்:
வணக்கம். கணவரின் வேலை மாற்றத்தால் ஐந்து வாரங்களுக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வந்தோம். வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் கூடத்தில் இன்றைய தேதிக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பாயும்தான் இருக்கின்றன. பதினைந்தாம் தேதி மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்; பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார். காலி வீதியில் (Galle Road) ஒரு கடையில் மூன்று பேர் அமரக்கூடிய கறுப்பு லெதர் சோபா ஒன்றைப் பார்த்தோம். விலை இலங்கை ரூபாயில் 2,85,000. "ஒரிஜினல் லெதர் மேடம், பத்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்பனையாளர். நாளை மாலையோடு தள்ளுபடி முடிகிறதாம். வாங்கலாமா, கூடாதா? இன்றிரவு எந்நேரமானாலும் விழித்திருப்பேன், தயவுசெய்து சொல்லுங்கள்.

திருச்சி மைந்தன்:
சகோதரி, வந்த ஐந்தாம் வாரத்திலேயே சோபாவைப் பற்றிக் கவலைப்பட முடிகிறதே, அதுவே பெரிய பாக்கியம். நான் 2022 பிப்ரவரியில் இங்கு வந்தவன். மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எரிவாயு உருளைக்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு ஒரு வரிசை. என் வீட்டிலிருந்த ஒரே இருக்கை ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி, அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு போர்வை. அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் எட்டு மாதம் சாப்பிட்டேன். அந்த ஆண்டு பல பொருட்களின் இறக்குமதியையும் நிறுத்திவிட்டார்கள், கடைகளில் மிஞ்சியிருந்த நாற்காலிகள் எல்லாம் யானை விலை. ஆகவே முதலில் வீட்டு ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள், முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். சோபா எங்கே ஓடிவிடப் போகிறது?

தெஹிவளைக்குத் திரும்பியவன்:
தங்கச்சி, லெதர் செற்றி (சோபா) இந்த ஊருக்குச் சரிவராது, வாங்கவே வேண்டாம். நான் பட்டுத் தெளிந்தவன். ரொறன்ரோவில் பதினான்கு வருடம் வைத்திருந்த உண்மையான தோல் செற்றியை, அதன்மேலிருந்த பாசத்தினால், கொள்கலனில் போட்டு இங்கே கொண்டுவந்தேன். அங்கே குளிர்காலத்தில் சூடாக்கி ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுவிடும்; தோல் வெடிக்காமலிருக்கக் கிறீம் பூசுவதே எங்களுக்கு வேலை. இங்கே எல்லாம் தலைகீழ். ஜூன் மாத மழையில் மூன்று கிழமை (வாரம்) வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போய்வந்து கதவைத் திறந்தால், சுவர்ப் பக்கமாக இருந்த முதுகு முழுவதும் யாரோ அரிசிமாவைத் தெளித்துவிட்டுப் போனதுபோல வெள்ளைப் பூஞ்சணம். துடைத்தோம், பத்து நாளில் மறுபடியும் வந்தது. மனைவி இன்றைக்கும் அந்தச் செற்றியை "உங்கள் கனடா" என்றுதான் சொல்வாள். பிரம்புக் கதிரை (நாற்காலி) வாங்குங்கள், நிம்மதியாக இருப்பீர்கள்.

ஆம்பூர்க்காரன்:
தெஹிவளை அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன் நான். லெதர் சோபாவுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பவற்றில் பெரும்பாலானவை தோலே கிடையாது. மாட்டுத்தோலைக் கிடைமட்டமாகப் பிளந்தால் மயிர்த்துளை உள்ள மேலடுக்கு ஒன்றும், வெறும் நாராக உள்ள கீழடுக்கு ஒன்றும் கிடைக்கும். மேலடுக்கைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் அது ஃபுல் கிரெயின், லேசாகத் தேய்த்துச் சீராக்கினால் டாப் கிரெயின். இவை இரண்டும்தான் உழைக்கும். கீழடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சைப் பூசி, மயிர்த்துளைபோல அச்சையும் பதித்துவிட்டால் அதற்கு ஸ்பிளிட் என்று பெயர். அதை ஒருவர் "ஒரிஜினல் லெதர்" என்று விற்றால் நாம் சண்டைக்குப் போக முடியாது, ஏனென்றால் அதுவும் மாட்டின் முதுகிலிருந்து வந்ததுதான். பாண்டட் லெதர் என்பது வெட்டிக் கழித்த துணுக்குகளை அரைத்து, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பசையில் குழைத்து, துணியின்மேல் பரப்பிய அடை. அதில் உண்மைத் தோல் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. துணியின்மேல் பாலியூரித்தேனை மட்டும் பூசிய பியூ லெதரில் அந்த ஒரு பங்கும் இல்லை.

ஈரக்காற்றில் பாலியூரித்தேன் நீராற்பகுப்பு அடைந்து, அதாவது ஈரத்தாலேயே சிதைந்து, மெல்ல மெல்ல வெடிக்கும், யாரும் உட்காராமல் உறை போட்டு வைத்திருந்தாலும் ஒருநாள் உரியும். நான் முதலில் குடியிருந்த வீட்டில் உரிமையாளர் விட்டுச் சென்ற கறுப்பு சோபா அந்த வகைதான். இலங்கையில் பள்ளிச் சீருடை வெள்ளை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் சப்பாத்துப் போட அந்த சோபாவில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் போதும், மகளின் முதுகிலும் பாவாடையிலும் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே தெரியும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு அவள் முதுகில் ஒற்றி ஒற்றி எடுப்பேன். ஒரு கல்வியாண்டு முழுவதும் இதைச் செய்தேன்.

மூன்று பேர் அமரும் சோபாவை முழுவதும் தோலால் போர்த்த ஏறக்குறைய 150 முதல் 200 சதுர அடித் தோல் வேண்டும். அதாவது மூன்று நான்கு மாடுகள். நீங்கள் சொல்லும் விலையில் அவ்வளவு தோலும் மரமும் கூலியும் வரியும் அடங்குமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி அம்மா:
பிள்ளை, தோலும் வேண்டாம் பிரம்பும் வேண்டாம். தச்சு வேலைக்குப் பேர்போன மொரட்டுவையில் ஒரு தச்சரைப் பிடித்துத் தேக்கிலோ மஹோகனியிலோ செற்றி செய்வித்து, பருத்தித் துணி தைத்த மெத்தைகளைப் போடுங்கள். என்னுடையதை 1994இல் செய்வித்தேன். மெத்தையை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், மரத்துக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம் என்றால் மரக் கைப்பிடியைப் பிடித்து எழும்புவதுதான் சுகம். லெதர் செற்றியில் புதைந்துபோனால் அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

திருச்சி மைந்தன்:
அம்மா, மொரட்டுவைத் தச்சர் என்றதும் என் வயிறு எரிகிறது. நான் ஒருவரிடம் கட்டில் சொன்னேன். இரண்டு கிழமை என்றார். வெசாக் பண்டிகை முடியட்டும் என்றார், பிறகு பலகை காயவில்லை என்றார், பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. நான்காம் மாதம் கட்டில் வந்தபோது அது வீட்டு வாசலில் நுழையவில்லை.

தெஹிவளைக்குத் திரும்பியவன்:
கட்டிலை விடுங்கள், கடலோர வீட்டில் எது உருப்படுகிறது? குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் இரண்டு வருடத்தில் துருவேறிவிட்டது, கதவுக் கீல்கள் பச்சை பிடித்துவிட்டன. வீட்டுக்காரரிடம் சொன்னால், "கடற்காற்று வருகிறது என்றுதானே இந்த வாடகை" என்கிறார். உப்பையும் நம்மிடமே விற்கிறார்கள்.

கணக்காளர்:
ஐயாமாரே, ஒரு பெண் நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விழித்திருக்கிறார். நீங்கள் கட்டிலுக்கும் கீலுக்கும் போய்விட்டீர்கள். தங்கையே, நீங்களும் முக்கியமானவற்றை விட்டுவிட்டீர்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் எவ்வளவு பெரியது, கடற்பக்கமா, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், வீட்டில் குழந்தையோ செல்லப்பிராணியோ உண்டா, கூடத்தில் ஏசி இருக்கிறதா?

கோவைப்பெண்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். நான்காம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நான்கு பேர் நின்றால் தோள் இடிக்கும். கூடத்து ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள். ஏசி படுக்கையறையில் மட்டும். ஒரு பூனையும் உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள்: நேற்றே 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். நாளை மாலை கேட்பது பாதித் தொகை.

கணக்காளர்:
அப்படியானால் கேள்வியே வேறு. வாங்கலாமா என்பது போய், கொடுத்த ஐம்பதாயிரத்தை எதற்கு மாற்றிக்கொள்வது என்பதாகிவிட்டது. நாளை காலை கடை திறக்கும்போதே போங்கள். மாலையில் போனால் கூட்டத்தில் உங்களுக்கு மேலாளர் கிடைக்க மாட்டார். ரசீதில் பொருளின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள். "லெதர் ஃபினிஷ்" என்றோ "லெதர் டச்" என்றோ இருந்தால் அது தோல் கிடையாது. கடைக்காரர் வாயால் சொன்னதைத்தான் மிகைப்படுத்தியிருக்கிறார். அவர் சொன்னதையும் ரசீதில் உள்ளதையும் எதிரெதிரே வைத்துப் பேசினால், பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் வேறு பொருளுக்கு மாற்றித் தரப் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

ஆம்பூர்க்காரன்:
கடைக்குப் போனதும் இருக்கையின் அடிப்பக்க ஜிப்பைத் திறந்து, போர்வையின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல் என்றால் உள்ளே மெல்லிய பஞ்சு நார்போல, சுவேட் செருப்பைத் தொடுவதுபோல இருக்கும். பின்னல் துணி தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். உட்காருமிடத்தில் மட்டும் தோலைப் போட்டு, பக்கங்களுக்கும் முதுகுக்கும் ரெக்சின் போடும் வழக்கமும் உண்டு, ஆகையால் முதுகின் பின்புறத்தையும் தனியாகக் கேளுங்கள். ஃபோம் எத்தனை டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ) என்று கேளுங்கள். 32க்குக் கீழே என்றால் சீக்கிரமே குழி விழும், 40 என்றால் நல்லது. ஒரு மூலையைப் பிடித்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குங்கள்: அடுத்த காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதியானது, அது தரையிலேயே நின்று சட்டம் முறுக்கிக்கொண்டால் உள்ளே இருப்பது மெலிந்த பலகை. நெருப்பு வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பூச்சுப் போட்ட தோலில் அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

உண்மைத் தோலே கிடைத்தாலும், நிறமிப் பூச்சு உள்ளதாக எடுங்கள். பூச்சில்லாத அனிலின் தோல் கைக்குப் பட்டாக இருக்கும், ஆனால் வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கடலைப் பார்த்த கூடத்துக்கு அது ஆகாது. சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போட்டு, ஊருக்குப் போகும் நாட்களில் உறை போட்டு மூடாமல் காற்றோட்டமாக விடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் மின்னும் என்பார்கள். பூஞ்சைக்குப் பந்தி வைப்பதற்குச் சமம். பூனையைப் பொறுத்தவரை ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பம்பலப்பிட்டி அம்மா:
நான்காம் மாடிக்கு ஏழு அடிச் செற்றி எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லையே? படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் வாசற்கதவின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், காலும் கைப்பிடியும் கழற்றிப் பூட்டக்கூடியவையா என்று கேளுங்கள். இரண்டு வருடத்தில் அதே படியால் இறக்கவும் வேண்டும். மாமியின் இருக்கை எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கோவைப்பெண்:
அனைவருக்கும் நன்றி. கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஜிப்பைத் திறந்ததும் சாம்பல் நிறப் பின்னல் துணி தெரிந்தது. ரசீதிலும் "லெதர் ஃபினிஷ்" என்றே இருந்தது, முன்பணம் கொடுத்த அன்று அதை நாங்கள் படிக்கவே இல்லை. மேலாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு அதே கடையில் மரக் கைப்பிடி வைத்த ஒற்றை இருக்கைகள் இரண்டுக்கு அந்தப் பணத்தை மாற்றிக்கொண்டோம். மெத்தை உறை துணிதான், கழற்றித் துவைக்கலாம், 40 டென்சிட்டி என்று ரசீதில் எழுதி வாங்கிவிட்டேன். லிஃப்டில் ஒவ்வொன்றாக ஏற்றிவிடலாம். பெரிய சோபாவை மழைக்காலம் முடிந்த பிறகு, அம்மா சொன்னபடி மொரட்டுவையில் பார்த்துக்கொள்கிறோம்.

கடையிலிருந்தே மாமியாரைத் தொலைபேசியில் அழைத்து, ஊரில் அவர் உட்காரும் நாற்காலி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். டேப்பைத் தேடாமல் அங்கேயே கையை வைத்து அளந்து, "சரியாக இரண்டு சாண்" என்றார். நானும் என் கையால் இரண்டு சாண் அளந்து, சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சாண் என்னுடையதைவிடப் பெரியது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. டெலிவரி வெள்ளிக்கிழமை. அதற்குள் காலுக்கடியில் ஓர் அங்குலக் கட்டை வைத்துத் தர முடியுமா என்று நாளை காலை கடையில் கேட்க வேண்டும்.