பீடியை விட்டுப் பதினோரு நாள் ஆகிறது. அப்பாவின் உடல் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது?

பொதிகைச்சாரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அப்பாவுக்கு வயது 61. பதினெட்டு வயதில் பிடிக்கத் தொடங்கிய பீடி, நாளொன்றுக்கு ஒரு கட்டுக்குக் குறைந்ததே இல்லை. அம்மா பீடி சுற்றுபவர் என்பதால் வீட்டில் இலைக்கும் தூளுக்கும் பஞ்சம் கிடையாது. அப்பா கடைக்குப் போய்ப் பீடி வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை, அம்மாவின் சுளகிலிருந்து நான்கைந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சில மாதங்களாக மூச்சுத்திணறலுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற முறை மருத்துவர் சற்றுக் கடுமையாகப் பேசியதும், யாரும் எதிர்பாராத வகையில் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்.

இன்றோடு பதினோரு நாள். இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். மலம் கழித்து மூன்று நாட்கள் ஆகின்றன. வாயெல்லாம் புண். இருமல் முன்பைவிடக் கூடியிருக்கிறது. இதைப் பார்த்த பெரியப்பா, "நாற்பது வருடம் பழகிய உடம்பு, சட்டென்று நிறுத்தினால் தாங்காது, பீடி வேண்டாமென்றால் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவும், பீடியில் இருப்பது வெறும் இலையும் தூளும்தான், சிகரெட்டைப் போல் மருந்து எதுவும் கலப்பதில்லை என்று பேசத் தொடங்கிவிட்டார். இந்த வயதில் திடீரென்று நிறுத்துவது உண்மையிலேயே ஆபத்தா? புகையிலை போடுவது கெடுதல் குறைந்த வழியா?

மருந்தாளுநர் (ஓய்வு) எழுதியது:

திடீரென்று நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. நாட்பட்ட குடியை ஒரே நாளில் நிறுத்தும்போது வலிப்பு வரலாம் என்பதால் அங்கே மருத்துவரின் துணை கட்டாயம் வேண்டும். பெரியப்பா அந்த அச்சத்தைத்தான் இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார் என்று தோன்றுகிறது. நிகோடின் விலகும்போது வரும் எரிச்சலும் ஏக்கமும் கவனச்சிதறலும் முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். உங்கள் அப்பா மோசமான நாட்களைத் தாண்டிவிட்டார்.

ஆனால் நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் நிகோடின் ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதலில் தூக்கமின்மையையும் படபடப்பையும் எடுத்துக்கொள்வோம். புகையில் உள்ள தார்ப் பொருட்கள், காபியில் உள்ள கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடலிலிருந்து கஃபீன் விரைவாக வெளியேறுகிறது. புகையை நிறுத்திய சில நாட்களில் அந்த நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிட, அதே அளவு காபியைக் குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தங்குகிறது. படபடப்பு வந்ததும் "பீடி இல்லாததால்தான்" என்று நினைத்து மீண்டும் பற்றவைத்தவர்களை என் கடையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். காபியையும் தேநீரையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.

மலச்சிக்கலும் அப்படித்தான். நிகோடின் குடலைத் தூண்டும். ஒரு பீடி பிடித்தால்தான் காலைக்கடன் முடியும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தண்ணீர், கீரை, கொய்யா, காலையில் சிறிது நடை ஆகியவற்றால் குடல் மெல்லப் பழகிக்கொள்ளும். வாய்ப்புண்ணும் விட்டவர்களுக்கு முதல் வாரங்களில் வருவதுதான்.

இருமலைப் பொறுத்தவரை, மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியைத் துடைத்து வெளியேற்றும் நுண்ணிழைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது இருமல் சில வாரங்கள் கூடுவதாகச் சிலர் உணர்வதுண்டு. ஆயினும் அதைச் சொல்லி ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயா என்று அறியச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் 2003இல் வெளியிட்டார்கள். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம் என்ற அதன் முடிவைப் படித்த பிறகு, பீடி என்றாலே எனக்குப் புற்றுநோய்க்கு முன்பாகக் காசநோய்தான் நினைவுக்கு வருகிறது.

முன்னாள் நடத்துநர் எழுதியது:

இருபத்தாறு ஆண்டுகள் பேருந்தில் விசில் ஊதியவன், முப்பது ஆண்டுகள் பீடி பிடித்தவன் என்ற தகுதியில் மட்டும் எழுதுகிறேன். "வெறும் இலைதானே" என்ற வாதத்தை நானும் பேசியிருக்கிறேன். பீடியில் சிகரெட்டைவிடத் தூள் மிகக் குறைவு என்பது சரி. ஆனால் பீடி இலையில் காற்று எளிதில் புகாது. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துவிடும். அணையாமல் வைத்திருப்பதற்காகவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கிறோம். அந்த இழுப்பில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ உள்ளே போகின்றன என்று மருத்துவமனையில் விளக்கியபோதுதான் என் வாதம் அடங்கியது.

எனக்குக் கடினமாக இருந்தவை பீடிக்கென்று ஒதுங்கியிருந்த நேரங்கள்தாம். வண்டி நிலையத்துக்குள் நின்றதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பது தெரிந்த பிறகு, அந்த நிமிடங்களில் வண்டியைச் சுற்றி நடந்தேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பீடித் தட்டு கண்முன்னே இருப்பதுதான் எனக்குக் கவலை. அது அம்மாவின் வருமானம், நிறுத்தச் சொல்ல முடியாது. சுற்றும் வேலையைத் திண்ணைக்கு மாற்றி, சுற்றி முடித்த பீடியையும் மிச்சத் தூளையும் அப்பாவின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். தூளிலுள்ள நிகோடின் அம்மாவின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800 11 2356 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

பல் மருத்துவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். புகையில்லாப் புகையிலையையும் பாக்கையும் தனித்தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் இரண்டையும் சேர்த்தே மெல்கிறார். சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோடினைக் கன்னத்துச் சவ்வு வழியாக இன்னும் எளிதாக உள்ளே அனுப்புகிறது. எனவே அப்பாவின் அடிமைத்தனம் அப்படியே இருக்கும், புற்றுநோய் தேடும் இடம் மட்டும் நுரையீரலிலிருந்து கன்னத்துக்கும் நாக்குக்கும் மாறும். ஏற்கெனவே புண்ணான வாயில் அதை வைக்கச் சொல்வதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

கண்ணாடி முன் நின்று தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டாலோ, கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு இருந்தாலோ, வாய்ப்புண் இரண்டு வாரங்களில் ஆறாவிட்டாலோ உடனே காட்டுங்கள்.

ஏக்கம் தாங்கவில்லையென்றால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. அதைச் சாதாரணச் சூயிங்கம்போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் தணிந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். வாய்ப்புண் ஆறும்வரை தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பொதிகைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், பீடி இல்லாத குறைக்கு அப்பா நாளொன்றுக்கு ஏழு தம்ளர் காபி குடிக்கிறாராம். இன்னொன்றும் கேட்க வேண்டும். மூச்சுத்திணறலுக்கு அவர் சாப்பிடுவது டெரிபிலின் மாத்திரை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

மருந்தாளுநர் (ஓய்வு) எழுதியது:

இருக்கிறது. இதை முதலிலேயே கேட்காதது என் பிழை. அதில் உள்ள தியோபிலினையும் கஃபீனைச் சிதைக்கும் அதே நொதிதான் சிதைக்கிறது. பீடி பிடித்த காலத்தில் சரியாக இருந்த அளவு இப்போது அவருக்கு மிகையாகியிருக்கக்கூடும். படபடப்பும் தூக்கமின்மையும் அதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். நாளைக் காலையிலேயே மருந்துச் சீட்டோடு எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அழைத்துப் போய், பீடியை எந்தத் தேதியில் நிறுத்தினார் என்பதை முதலில் சொல்லுங்கள். வாந்தியோ கை நடுக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்காமல் இன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பொதிகைச்சாரல் எழுதியது:

போய் வந்தோம். மாத்திரை அளவைக் குறைத்து எழுதியிருக்கிறார். சளி மாதிரியும் கொடுத்தாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா கடையில் காபி கேட்கவில்லை, மோர் கேட்டார்.